எக்ஸ்ஸெட் பேக்டோர் கிட்டில் இருந்ததா இல்லையா?

திருவையாறு ரகு:
நேற்று தஞ்சாவூர் கருத்தரங்கில் ஒரு பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். மென்பொருள் சப்ளை செயின் பாதுகாப்புக்கு, அதாவது எழுதும் இடத்திலிருந்து நம் கைக்கு வரும்வரை மென்பொருளில் யாரும் கலப்படம் செய்யாமல் காப்பதற்கு, நம் டெல்டா கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு ஆராய்ச்சி செய்தே ஆக வேண்டுமாம். கேட்கவே எரிச்சல். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் யூட்டில்ஸ் மென்பொருளில் ஒளித்து வைத்த பேக்டோரை, அதாவது திருட்டு வாசலை, 2024 மார்ச்சில் பிடித்தது எந்தப் பல்கலைக்கழகம்? ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற ஒரே இன்ஜினியர். தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி இழுப்பதைப் பார்த்துத் தோண்டினார். நிரலின் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் கிட் களஞ்சியத்தில் எல்லாம் திறந்துதான் கிடந்தது, படிக்கத் தெரிந்தவர் படித்தார்.

மன்னார்குடி கடைமடையான்:
ரகு அண்ணே, கிட்டில் கிடந்ததா? நிரலை பில்ட் செய்யும்போது அதை முடுக்கிவிடும் பில்ட்-டு-ஹோஸ்ட் எம்4 கோப்பு, வெளியீட்டுக்கென்று கட்டித் தரும் டார்பால் தொகுப்பில் மட்டும்தான் இருந்தது, கிட்டில் இல்லவே இல்லை. 5.6.0, 5.6.1 பதிப்புகள் இரண்டிலும் இதே கதை. ஆட்டோடூல்ஸ் என்ற பில்ட் கருவிகளால் செய்த டார்பாலில் கிட்டில் இல்லாத கோப்புகள் இருப்பது வழக்கம் என்பதால்தான் யாரும் சந்தேகப்படவில்லை. தலைமடையில் விஷத்தைக் கலந்துவிட்டுக் கடைமடையில் தண்ணீரை ருசித்துப் பார் என்கிறீர்கள்.

திருவையாறு ரகு:
பேலோட், அதாவது அந்த விஷ நிரல், டெஸ்ட் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது தம்பி. அந்த டெஸ்ட் கோப்புகள் கிட்டில்தான் இருந்தன. படித்துவிட்டு வா.

மன்னார்குடி கடைமடையான்:
நான் படித்துவிட்டுத்தான் வருகிறேன். டெஸ்ட் கோப்பு சும்மா கிடக்கும் பைனரி, எம்4 இல்லாமல் அது எதுவும் செய்யாது. எம்4 கிட்டில் இல்லை. போன மாதம் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், பாதியைச் சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள், இன்னும் பதில் வரவில்லை.

கும்பகோணம் செல்வி:
இரண்டு பேரும் கிட்டை விடுங்கள். கூட்டு ஆராய்ச்சியால் பலன் உண்டா என்பதுதானே பேச்சு? மென்பொருள் தயாரிப்பைச் சரிபார்க்கும் இன்-டோட்டோ என்ற அமைப்பைப் பாருங்கள். நியூயார்க் பல்கலைக்கழகம், நியூஜெர்சி தொழில்நுட்பக் கழகம், டேட்டாடாக் நிறுவனம் மூன்றும் சேர்ந்து 2019இல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை போட்டார்கள். எந்தக் கட்டத்தில் யார் எதைச் செய்தார் என்று அதில் டிஜிட்டல் கையெழுத்தோடு பதிவாகும். எங்கள் கும்பகோணத்துக்குக் கூட்டு புதிதும் இல்லை, ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய ஊர்.

மயிலாடுதுறை பாபு:
அக்கா, 1913இல் அவர் எழுதியது மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது. பிறந்ததோ ஈரோடு. கும்பகோணமோ, கல்லூரி அவருடைய உதவித்தொகையை நிறுத்திய ஊர்.

கும்பகோணம் செல்வி:
வளர்ந்தது சாரங்கபாணி சன்னதித் தெருவில். மயிலாடுதுறைக்காரர்களுக்கு எங்கள் ஊர் மேல் ஏன் இவ்வளவு காய்ச்சல்?

திருவையாறு ரகு:
பல்கலைக்கழகம், பல்கலைக்கழகம் என்கிறீர்களே, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகக்காரர்கள் செய்தது மறந்துவிட்டதா? யாருக்கும் சொல்லாமல் லினக்ஸின் மையமான கர்னலுக்குப் பிழையுள்ள பேட்ச்களை, அதாவது நிரல் திருத்தங்களை, அனுப்பிச் சோதித்தார்கள். 2021 ஏப்ரலில் கர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தையே தடை செய்தார். கட்டுரையையும் திரும்பப் பெற்றார்கள். இதுதான் ஆராய்ச்சியா?

மன்னார்குடி கடைமடையான்:
அவர்கள் பராமரிப்பாளர்களோடு சேர்ந்து செய்யவில்லை, அதனால்தான் அடி வாங்கினார்கள். நீங்கள் சொன்ன உதாரணமே கூட்டு வேண்டும் என்றுதான் சொல்கிறது. எக்ஸ்ஸெட்டிலும் அதுதான் நடந்தது. தனி ஒரு பராமரிப்பாளர் களைத்துப் போயிருந்தார், ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவராக வேலை செய்து சாவியை வாங்கிக்கொண்டார். அந்தச் சுமையைப் பங்குபோட நம் பிள்ளைகளுக்குத் தெரியாதா? கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்று காசு கொடுத்து வாங்கி வைக்கிறார்கள், அதற்குப் பதில் ஒரு பழைய லைப்ரரியின் டார்பாலையும் கிட்டையும் வரிக்கு வரி ஒப்பிடச் சொல்லலாம். வெளியூர் ஆய்வகம் கூட நின்றால் இன்னும் நல்லது. இதைச் சொன்ன பேராசிரியர் மேல் உங்களுக்கு என்ன கோபம்? எம்4 கிட்டில் இல்லை, மறுபடியும் சொல்கிறேன்.

மயிலாடுதுறை பாபு:
புராஜெக்ட் வாங்குவது எல்லாக் கல்லூரியிலும் இல்லை. பார்த்துப் பேசு.

திருவையாறு ரகு:
டெஸ்ட் கோப்பு கிட்டில் இருந்தது. அதற்கு இன்னும் பதில் இல்லை.

மன்னார்குடி கடைமடையான்:
பதில் மேலே இருக்கிறது, அண்ணே. 5.6.1 டார்பாலில் எம்4 இருக்கும், அதே பதிப்பின் டேக்கைக் கிட்டில் எடுத்தால் இருக்காது. தேடி எடுத்து நீங்களே ஒப்பிட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.