உலோகச் சோர்வுச் சோதனை: சூடு இறங்கும் வேகத்தை எப்படி எடுக்கிறீர்கள்?

வணக்கம். 304எல் துருப்பிடிக்காத எஃகுத் துண்டை நொடிக்கு 10 சுழற்சிகள் என இழுத்துத் தளர்த்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சுழற்சியிலும் அது வெப்பமாக இழக்கும் ஆற்றலை வைத்துச் சேதத்தை மதிப்பிட வேண்டும். வெப்பநிலை நிலைப்பட்டதும் இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்தி, அந்தக் கணத்தில் சூடு இறங்கும் வேகத்தை எடுக்கிறேன். அதை அடர்த்தியாலும் தன்வெப்ப ஏற்புத்திறனாலும் பெருக்கி, அதிர்வெண்ணால் வகுத்தால் விடை.

கணக்கு எளிதுதான். ஆனால் முதல் அரை நொடிக்குக் கோடு பொருத்தினால் ஒரு விடை, இரண்டு நொடிக்குப் பொருத்தினால் வேறொன்று. போதாக்குறைக்கு, துண்டைப் பிடித்திருக்கும் ஹைட்ராலிக் பிடிகளின் சூடும் துண்டுக்குள் ஏறுகிறது.

நேற்று அகச்சிவப்புக் கேமராவில் பளிச்சென்று ஒரு புள்ளி. விரிசல் தொடங்கிவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், கேமரா சூட்டைச் சரியாகக் காட்டத் துண்டில் பூசிய கறுப்புப் பெயிண்ட் மிளகளவு உரிந்திருந்தது. பளபளத்த எஃகு என் முகத்துச் சூட்டைத்தான் காட்டியிருக்கிறது!

இதைச் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்: நிறுத்திய பின் எத்தனை நொடித் தரவை எடுக்கிறீர்கள்? தகைவு 100 மெகாபாஸ்கல் மாறினாலே மீள்வெப்ப விளைவால் (இழுத்தால் சற்றுக் குளிர்ந்து, தளர்த்தினால் சூடாவது) ஏறக்குறைய 0.1 டிகிரி ஆடுகிறதே, சராசரிச் சுமையில்தான் நிறுத்த வேண்டுமா? பிடியின் சூட்டைக் கழிக்க என்ன வழி? உரியாத பெயிண்ட் தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.