கிளினிக்கை வைத்துக்கொண்டு கவுன்சிலராகவும் இருக்க முடியுமா?

டெல்டா டாக்டரம்மா கேட்டது:

வணக்கம். நான் எம்.பி.பி.எஸ்., டி.ஜி.ஓ. (மகப்பேறு, மகளிர் மருத்துவ டிப்ளமோ). தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் சொந்தக் கிளினிக் வைத்திருக்கிறேன். பிரசவம் பார்ப்பதை நிறுத்தியாயிற்று. கர்ப்பிணிகளுக்கு மாதப் பரிசோதனை, ஸ்கேன், அப்புறம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பொது ஓபி. காலை பத்திலிருந்து ஒன்றரை வரை, மாலை ஐந்தரையிலிருந்து கடைசி டோக்கன் வரை. உதவிக்கு ஒரு நர்ஸ், டோக்கன் கொடுக்க ஒரு பெண். அவ்வளவுதான் பட்டாளம்.

2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த மன்றங்களின் ஐந்தாண்டு முடியப்போகிறது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. ஒரு கட்சியின் பேரூர் செயலாளர் வீடு தேடி வந்துவிட்டார். "நீங்க நின்னா எதிர்ல நிக்கவே யோசிப்பாங்க டாக்டரம்மா. மாசத்துக்கு ஒரு கூட்டம், கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்" என்கிறார். வீட்டுக்காரர், "நீ கூட்டத்துக்குப் போய்ட்டா ஊசி யார் போடுறது, நானா?" என்று கேட்கிறார். மாமியாருக்கு மட்டும் இப்போதே மாலை மரியாதை எல்லாம் கண்ணில் தெரிகிறது.

எனக்கும் ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. மேலத்தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒன்றாக ஓடுகின்றன. மழை பிடித்தால் அங்கிருந்து வயிற்றுப்போக்கோடு பிள்ளைகள் வரும். ஓ.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பினால் அடுத்த வாரம் அதே வீட்டிலிருந்து தம்பியோ தங்கையோ வரும். எத்தனை வருடம் எழுதிக்கொடுத்துக்கொண்டே இருப்பது?

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நேரத்தை எப்படிப் பிரித்தீர்கள்?

மேற்குமலை டாக்டர் எழுதியது:

அம்மா, நான் இருந்து பார்த்தவன். அப்போது திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். ஒரு நகராட்சியில் 2011 அக்டோபரில் சுயேச்சையாக ஜெயித்து 2016இல் மன்றம் முடிகிறவரை இருந்தேன். அதற்கப்புறம் 2022 வரை தேர்தலும் இல்லை, மன்றமும் இல்லை, தனி அலுவலர் ஆட்சி என்பது உங்களுக்கே தெரியும். அதில் நான் தப்பித்தேன் என்று என் வீட்டில் சொல்வார்கள்.

நேரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். நேரம் பெரிய சிக்கலே இல்லை. பேரூர் செயலாளர் சொன்னது பாதி உண்மை, கூட்டம் மாதத்துக்கு ஒன்றுதான். அஜெண்டா முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடும், அன்றைக்குக் காலை ஓபியை மூடிவிட்டுப் போகலாம். சிக்கல் உங்கள் நாற்காலியில் இருக்கிறது. டோக்கன் எடுத்து உள்ளே வருவார், கையை நீட்டுவார், நீங்கள் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டியிருப்பீர்கள். அப்போதுதான் ஆரம்பிப்பார்: "நம்ம தெருவுல லைட்டு எரிய மாட்டேங்கு சார்." பிரஷரும் சரியாகக் கேட்காது, லைட் கம்பத்து நம்பரும் மனசில் நிற்காது. வெளியே காய்ச்சல் பிள்ளையோடு ஒருத்தி தரையில் உட்கார்ந்திருப்பாள்.

நான் செய்தது இது. கிளினிக்கில் மனு கிடையாது. காலை ஆறரையிலிருந்து எட்டு வரை வார்டுப் படிப்பகத்துத் திண்ணை, அங்கே நோய் கிடையாது. டோக்கன் பெண்ணுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், தாளோடு வந்தால் திண்ணைக்கு அனுப்பு என்று. ஆரம்பத்தில் "ஓட்டுக் கேட்க மட்டும் வீட்டுக்கு வந்தாரு, இப்ப நம்மளத் திண்ணைக்கு விரட்டுதாரு" என்று ஏச்சுதான். பிறகு பழகிவிட்டது. சட்டம் நமக்கும்தான் என்று காட்ட, திண்ணையில் யாராவது நாக்கை நீட்டிக் காட்டினாலும் பார்க்க மாட்டேன்.

உங்களுக்கு என்னைவிடச் சங்கடம் அதிகம், ஏனென்றால் நீங்கள் ஸ்கேன் வைத்திருக்கிறீர்கள். கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்கு நிரப்பும் ஃபார்ம் எஃப், பதிவேடு எல்லாம் இப்போதே ஒழுங்காக வைத்திருப்பீர்கள். ஆனால் கவுன்சிலர் ஆனதும் "நம்ம வட்டச் செயலாளர் மருமக, பையனா பொண்ணான்னு மட்டும்" என்று ஒரு குரல் வரும். கருவின் பாலினத்தைச் சொல்லக்கூடாது என்று 1994ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். சாதாரண டாக்டர் சொன்னால் அது விதி, கவுன்சிலர் சொன்னால் திமிர் என்று பேசுவார்கள். அதைவிட முக்கியம், கருக்கலைப்புக்கு வரும் பெண்கள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு அவர்கள் பெயரை வெளியே விட்டால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை. நீங்கள் விட மாட்டீர்கள், சரி. வராந்தாவில் கரைவேட்டி கட்டி உட்கார்ந்திருப்பவருக்குக் கண் இருக்கிறதே? அவரைப் பார்த்ததும் ஒரு பெண் திரும்பிப் போய் நாட்டு மருந்து விற்பவளிடம் போய்விட்டால்? கட்சிக்காரர்கள் கிளினிக் வாசலுக்கே வரக்கூடாது என்பதை மனு தாக்கல் செய்யும் முன்பே பேசி முடியுங்கள். பிறகு பேச முடியாது.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஏன் நின்றேன், ஏன் வருத்தப்படவில்லை என்றும் சொல்லவேண்டும். 2012இல் எங்கள் மாவட்டத்தில் டெங்கு வந்தது ஞாபகம் இருக்கும். கடையநல்லூர் பேர் தினமும் பேப்பரில் வரும். என் ஓபி பதிவேட்டில் பேர், வயது, தெரு எழுதுவது பழைய வழக்கம். காய்ச்சல் கேஸ்களை மட்டும் தெருவாரியாக எண்ணி, பேர் இல்லாமல், ஒரு துண்டுத்தாளில் எழுதித் தினமும் மத்தியானம் துப்புரவு ஆய்வாளருக்குக் கொடுத்தேன். நான் வெறும் டாக்டராக இருந்து கொடுத்திருந்தால் அது அவர் மேஜைக்கண்ணாடிக்கு அடியில் கிடந்திருக்கும். கவுன்சிலர் கொடுத்ததால் ஆள் வந்தது.

கூடவே நானும் போனேன். மொட்டைமாடிச் சிமெண்ட் தொட்டி, பின்வாசல் ஆட்டுக்கல் குழி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. டார்ச் அடித்தால் புழு நெளியும். அந்தக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கடிப்பதும் பகலில். எங்கள் பக்கம் பெண்கள் பகல் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்கள். ஜன்னி வந்தமாதிரி நடுங்கிக்கொண்டு தாயும் மகளும் சேர்ந்தே ஓபிக்கு வந்தார்கள் என்றால் ஏன் வரமாட்டார்கள்?

மன்றத்தில் எல்லாரும் புகை அடிக்கச் சொன்னார்கள். புகை பறந்து திரிகிற கொசுவைத்தான் கொல்லும், தொட்டியில் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. ஆனால் புகை வண்டி தெருவில் போனால் கவுன்சிலர் வேலை செய்கிறார் என்று தெரியும். தொட்டியில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினால் யாருக்கும் தெரியாது, தண்ணீர் நாறுகிறது என்று வசவுதான் மிச்சம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் வார்டுக்குத் தண்ணீர் விடும் நாள் இடைவெளியைக் குறையுங்கள். வாரக்கணக்கில் தண்ணீர் வராவிட்டால் ஜனங்கள் தொட்டி கட்டித்தான் பிடித்து வைப்பார்கள், மூடி வையுங்கள் என்று நோட்டீஸ் அடித்து என்ன பிரயோசனம்? வால்வு, மோட்டார், பிரஷர் என்று பொறியாளர் ஆயிரம் காரணம் சொன்னார். இழுத்து இழுத்துக் கடைசியில் இடைவெளி குறைந்தது. அதற்கு நான் எழுதிய எந்தப் பிரிஸ்கிரிப்ஷனும் ஈடு இல்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஒன்று, சான்றிதழ். அடிதடிக் கேசுக்குக் காயச் சான்று, லீவுக்குக் காய்ச்சல் சான்று, இறந்தவரைப் பார்க்காமலே இறப்புச் சான்று என்று வந்து நிற்பார்கள். பொய்ச்சான்று கொடுத்தால் மருத்துவக் கவுன்சிலில் பதிவே போகும். மற்றது, சேர்மன் ஆசை. உறுப்பினராக இருப்பதும் கிளினிக்கும் சேர்ந்து நடக்கும். சேர்மன் என்றால் தினமும் ஆபீஸ், செயல் அலுவலர், டெண்டர், கான்ட்ராக்டர். அதற்குக் கிளினிக்கைப் பூட்டவேண்டும்.

காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு வழியே கிடையாது, போய்த்தான் ஆகவேண்டும்.

மருந்துக்கடைக்காரன் எழுதியது:

ஒரு டாக்டர் கவுன்சிலரின் கிளினிக்கை ஒட்டி என் கடை. டாக்டர் சார் மேலே சொன்னதில் விட்டுப்போனது வருமானம். ஜெயித்த முதல் வருடம் எதிர்க்கட்சிக் குடும்பங்கள் பெரும்பாலும் வேறு டாக்டரிடம் போய்விட்டன. சொந்தக் கட்சிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள், ஆனால் ஃபீஸ் கொடுக்காமல். என் கடையில் சீட்டும் குறைந்தது, கடனும் கூடியது. 2023 ஜூலையிலிருந்து பேரூராட்சி உறுப்பினருக்கு மதிப்பூதியம் மாதம் 2,500 ரூபாய். நர்ஸ் சம்பளத்தில் கால்வாசி கூட வராது டாக்டரம்மா, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பேப்பர் எழுதியது:

டாக்டர்களும் பதவியும் நமக்குப் புதிதா? நீதிக்கட்சித் தலைவர் டி.எம். நாயர் காது மூக்கு தொண்டை மருத்துவர், சென்னை மாநகராட்சியில் உறுப்பினர். பி.சி. ராய் 1948இலிருந்து 1962இல் இறக்கும்வரை மேற்கு வங்க முதலமைச்சர், காலையில் வீட்டில் இலவசமாக நோயாளிகளைப் பார்த்துவிட்டுத்தான் தலைமைச் செயலகம் போவார். முதலமைச்சருக்கே முடிந்தது, வார்டு உறுப்பினருக்கு முடியாதா?

மேற்குமலை டாக்டர் எழுதியது:

பழைய பேப்பர் தம்பி, ராய் கல்யாணமே செய்துகொள்ளாதவர். மாமியார், பிள்ளைகள் பரீட்சை, காஸ் புக்கிங் எதுவும் அவர் கணக்கில் கிடையாது. இந்த அம்மாவுக்கு உதாரணம் காட்டவேண்டுமென்றால் முத்துலட்சுமி ரெட்டியைக் காட்டுங்கள். வீடும் பிள்ளைகளும் மருத்துவத் தொழிலும் இருந்தபோதுதான் 1927இல் சென்னைச் சட்டசபைத் துணைத்தலைவர் ஆனார். சபை உறுப்பினரானது நியமனத்தில், ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக அலையவேண்டிய வேலை அவருக்கு இருக்கவில்லை. 1930இல் காந்தி கைதானதும் ராஜினாமா.

டெல்டா டாக்டரம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வட்டச் செயலாளர் மருமகள் விஷயத்தைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. இப்போதே அப்படி ஒரு குரல் வந்துகொண்டுதான் இருக்கிறது ஐயா. இன்னும் ஒன்று கேட்கவேண்டும். கட்சியில் நிற்பதா, உங்களைப்போல சுயேச்சையா?

மேற்குமலை டாக்டர் எழுதியது:

கட்சி என்றால் போன் போட்டால் எடுப்பார்கள், மேலத்தெருக் குழாய்க்குப் பணம் வர வழி இருக்கும். ஆனால் அவர்கள் கைகாட்டும் இடத்தில் ஓட்டுப் போடவேண்டும், சில தீர்மானங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். சுயேச்சை என்றால் வாய் நம்முடையது, ஆனால் கேட்க ஆள் இருக்காது. பேரூராட்சியில் சேர்மனை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆகவே சுயேச்சைக்கு அந்த ஒருநாள் மட்டும் ராஜமரியாதை. அந்த ஒருநாளில் மேலத்தெருக் குழாயை எழுத்தில் வாங்கிவிட முடியும் என்றால் சுயேச்சையாக நில்லுங்கள். உங்கள் ஊரில் எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை வராது என்று தோன்றினால் மட்டும்தான் இது எடுபடும்.

எப்படி நின்றாலும் இரண்டு வேலை இப்போதே. கிளினிக் கட்டடத்துச் சொத்துவரி, அரையாண்டுத் தொழில்வரி பாக்கி இல்லாமல் கட்டி ரசீதைக் கோப்பில் வையுங்கள், வேட்புமனுப் பரிசீலனை நாளில் எதிரணி முதலில் அதைத்தான் தோண்டும். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து எண்ணிக்கை முடியும்வரை யாருக்கும் ஃபீஸ் தள்ளுபடி செய்யாதீர்கள், நிஜமாகவே இல்லாதவர்களுக்கும்கூட. அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் வாக்காளருக்குக் கையூட்டு என்று ஒரு புகார் தயாராக இருக்கும்.