பக்லாஷுக்கு ‘வெறுஞ்சுற்று’

நண்பர்களுக்கு வணக்கம்.

பக்லாஷ் (backlash), அதாவது இயந்திரத்தின் திருகு திசை மாறும்போது எதையும் நகர்த்தாமல் வீணாகும் சுற்று, அதற்குத் தமிழில் ‘பின்னடிப்பு’ என்ற சொல்லை உங்களில் பலர் ஆதரித்திருக்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் இலக்கணம் அல்ல, கொக்குவிலில் நண்பர் ஒருவரின் பட்டறையில் நிற்கும், சுழலும் அலகால் உலோகம் வெட்டும் பழைய மில்லிங் இயந்திரம்.

சென்ற ஆண்டு அதன் கைச்சக்கரங்களைக் கழற்றிவிட்டு கணினி சொல்லும் அளவுக்குப் படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டர்களைப் பூட்டினோம். கணக்கு அழகாகத்தான் இருந்தது. மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 படி. வெட்டும் உலோகத்தைப் பூட்டிய மேசையைத் திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் தள்ளும். ஆகவே படிக்கு 0.025 மில்லிமீட்டர். கணினியில் ஒரு வட்டத்தை எழுதிக் கொடுத்து அலுமினியத் தகட்டை வெட்டினோம். வந்தது வட்டமல்ல. மேலும் கீழும் இடமும் வலமுமாக நான்கு இடங்களில் தழும்பு. ஏதாவதோர் அச்சு திசை திரும்பும் இடங்கள் அந்த நான்கும். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்துப் பார்த்தால், திசை மாறியதும் 0.3 மில்லிமீட்டர் அளவுக்குத் திருகு சுற்றி முடிந்த பிறகே மேசை அசைகிறது.

பட்டறையில் முதியவரான அண்ணை சிரித்தார். “தம்பி, இந்தத் திருகில் பிளே இருப்பது எனக்கு எப்போதோ தெரியும். நான் எந்தக் கோட்டுக்கும் ஒரே பக்கத்திலிருந்துதான் வருவேன்.” அவருடைய கை அறிந்திருந்ததைக் கணினிக்கு நாங்கள் சொல்லவேயில்லை.

‘பின்னடிப்பு’ என்றால் ஏதோ திரும்பி வந்து அடிப்பதாகத் தோன்றும். இங்கே எதுவும் அடிப்பதில்லை. திருகின் புரிக்கும் அது ஓடும் சுரைக்கும் (நட்) நடுவே தேய்ந்துபோன இடம். புரி ஒரு சுவரை விட்டு எதிர்ச்சுவரைத் தொடும்வரை சுற்று வீணாகிறது, அவ்வளவுதான். நம் ஊரில் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் சுற்றிய பிறகல்லவா சில்லு திரும்பும்? வெட்டலகு மேசையைத் தன் பக்கம் இழுக்கும் முறையில் வெட்டும்போது மேசை திடுக்கென்று பாய்கிறதே, அது அடிப்பு இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். பாய்வது உண்மைதான், அலகு முறிவதும் உண்டு. ஆனால் அது தேய்ந்த இடத்தால் வரும் விளைவு. விளைவின் பெயரைக் காரணத்துக்குச் சூட்டினால் படிப்பவர் குழம்புவார்.

ஆகவே என் முன்மொழிவு ‘வெறுஞ்சுற்று’. வெறுங்கை, வெறுங்காணி, வெறுந்தேநீர் என்று நம் வாயில் ஏற்கனவே இருக்கும் அமைப்பு. அண்ணையிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், “இதில் வெறுஞ்சுற்று எவ்வளவு?” என்று கேட்டேன். உடனே கைச்சக்கரம் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

‘பக்லாஷ்’ என்றே எழுதிவிடலாமே என்பவர்களோடு எனக்குப் பெரிய பகை இல்லை. பட்டறையில் அப்படியே சொல்லட்டும். ஆனால் 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான கிறீன் வைத்தியர் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்திருக்கிறார். திருகும் சுரையும் அதைவிடச் சிக்கலானவையா என்ன?

மோட்டர் சுமையின்றி ஓடுவதோடு இது குழம்பும் என்ற ஆட்சேபம் சரியானது. அதை ‘வெற்றோட்டம்’ என்று பிரித்துவிடலாம்.

இன்னோர் ஆட்சேபம்தான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. வீணாகும் சுற்றைச் சேர்த்து ஓட்டித் திருத்துவதற்காக மென்பொருள் இந்த அளவை மில்லிமீட்டரில் கேட்கிறது. சுற்றை மில்லிமீட்டரில் அளப்பதா? பதில், நாங்கள் கழற்றி மூலையில் போட்ட கைச்சக்கரத்திலேயே இருந்தது. அதன் வளையத்தில் கோடுகள் பாகையில் இல்லை, மில்லிமீட்டரில். கையால் ஓட்டியவர்கள் சுற்றை எப்போதும் நீளமாகவே வாசித்திருக்கிறார்கள்.

இதை ஏற்றுக்கொண்டால் மென்பொருள் செய்யும் திருத்தத்துக்கு ‘வெறுஞ்சுற்று ஈடு’ தானாகவே வந்துவிடும். 0.3 என்று ஈடு கொடுத்தபின் எங்கள் வட்டம் ஓரளவு வட்டமானது. மேசை பாய்வது மட்டும் நிற்கவில்லை. ஈடு கொடுத்தாலும் இடைவெளி அங்கேயேதானே இருக்கிறது! திருகையே மாற்றப்போகிறோம். சுரைக்குள் எஃகுக் குண்டுகள் உருளும் அந்தத் திருகை நான் ‘குண்டுத் திருகு’ என்கிறேன், ‘குண்டுப் போதிகை’யை (பால் பேரிங்) போல. குண்டு என்றால் நம் ஊரில் வேறு ஞாபகம் வரும், ‘பந்துத் திருகு’ என்போம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சைக்கிள் சில்லுக்குக் குண்டு மாற்றுபவருக்கு அந்தக் குழப்பம் வருவதில்லை. அந்தச் சண்டையை அடுத்த கிழமை வைத்துக்கொள்வோம். முதலில் வெறுஞ்சுற்றுக்கு உங்கள் சம்மதத்தையோ மறுப்பையோ எழுதுங்கள்.