காற்று இருந்தும் திரெஷர் ஏன் மேலே வரவில்லை?

கேள்வி: கடலோடி82

நீர்மூழ்கியில் எந்தக் கோளாறு வந்தாலும், பாலாஸ்ட் தொட்டிக்குள் (மூழ்குவதற்காகத் தண்ணீர் நிரப்பும் தொட்டி) அழுத்தக்காற்றைத் திறந்துவிட்டால் தக்கை மாதிரி மேலே வந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்கக் கடற்படையின் திரெஷர் நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கியது. அதிலிருந்து வந்த செய்தியோ, சிறு கோளாறு, மூக்கு மேல்நோக்கி இருக்கிறது, காற்றைத் திறந்து பார்க்கிறோம் என்கிறது. அது காலை 9:13 மணி. உடல் நொறுங்கும் ஓசை சுமார் 9:18க்கு. நடுவில் 5 நிமிடம். படிக்கிற இடமெல்லாம் 'குழாய் உடைந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். காற்றுக்கு என்ன ஆனது?

பதில் 1: நங்கூரம்

ஆழத்தில் காற்று எவ்வளவு தேறும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். திரெஷரின் சோதனை ஆழம் (இறங்க அனுமதித்த உச்ச ஆழம்) 1,300 அடி, ஏறக்குறைய 400 மீட்டர். அங்கே வெளி அழுத்தம் சுமார் 41 பார் (கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 41 மடங்கு). அழுத்தக்காற்றை அடைத்து வைத்த குடுவையில் 4,500 பிஎஸ்ஐ, அதாவது 310 பார். குடுவை 41 பாருக்கு இறங்கியதும் தொட்டித் தண்ணீரைத் தள்ள அதற்குத் திராணி இராது. ஆக, 1 கன மீட்டர் குடுவை அந்த ஆழத்தில் (310−41)÷41, கிட்டத்தட்ட 6.5 கன மீட்டர் தண்ணீரைத்தான் வெளியேற்றும். அதே குடுவை 100 மீட்டரில் 27 கன மீட்டரை வெளியேற்றும். இதுவும் வெப்பநிலை மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கு. வேகமாகத் திறந்தால் காற்று குளிர்ந்து சுருங்கும், கிடைப்பது இன்னும் குறையும்.

எதிர்ப்பக்கம்: 400 மீட்டரில் 5 செ.மீ. விட்டமுள்ள ஒரு ஓட்டை என்றால் தண்ணீர் நொடிக்கு 88 மீட்டர் வேகத்தில் பாயும். நிமிடத்துக்கு சுமார் 6 டன் உள்ளே. அந்தப் பீச்சல் மின்பலகையில் பட்டால் எடையைவிட அதுதான் பெரிய தொல்லை.

அதனால் ஆழத்தில் முதல் பாதுகாப்பு காற்று அல்ல, வேகம். மூக்கைத் தூக்கி, உந்துவிசையைக் கூட்டி, ஓடியே மேலே வர வேண்டும். கிடைச் சுக்கான்கள் தரும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் விசை கால்வாசி.

பதில் 2: வால்வுக்காரன்

நங்கூரம் சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்தக் காற்றே தொட்டிக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம்.

குடுவைக் காற்றில் ஈரம் இருந்தது. வழியில் அழுத்தக் குறைப்பு வால்வு, அதற்கு முன்னால் தூசு போகாமல் தடுக்க உலோக வலை வடிகட்டி. குறுகலான இடத்தைத் தாண்டி விரியும் காற்று சட்டென்று குளிரும். ஈரம் பனியாகி வலைக் கண்களை அடைத்துவிடும். விபத்துக்குப் பிறகு அதே வகுப்பைச் சேர்ந்த டினோசா நீர்மூழ்கியைத் துறையில் நிறுத்தி முழுக் காற்றையும் திறந்து பார்த்தார்கள். சுமார் 30 நொடியில் வடிகட்டி உறைந்து ஓட்டம் நின்றுபோனது. துறையில் சும்மா நிற்கும்போதே இந்தக் கதி.

அதுவரை யாரும் காற்றை முழுசாக, விடாமல் திறந்து சோதிக்கவில்லை. விட்டுவிட்டுத் திறந்தால் பனி கட்ட நேரமிருக்காது, எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தெரியும்.

கேள்வி கேட்டவர்: கடலோடி82

நன்றி நண்பர்களே. அப்படியானால் ஓடியே மேலே வந்திருக்கலாமே? அணு உலைதானே, ஆற்றலுக்கு என்ன பஞ்சம்?

பதில் 3: நீராவி

உலை நின்றுவிட்டது என்பதுதான் பொதுவான முடிவு. அன்றைய விதிப்படி, உலை தானாக நின்றதும் முக்கிய நீராவி வால்வுகளை மூட வேண்டும். மிச்சமிருக்கும் நீராவியைக் கப்பலை ஓட்டும் டர்பைனுக்கு விட்டால் உலைச் சுற்று அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் என்ற பயம். மீண்டும் இயக்கப் பல நிமிடம் பிடிக்கும். உலையைக் காப்பாற்ற எழுதிய விதி, கப்பலுக்கு வேண்டிய உந்துவிசையைப் பிடித்து வைத்துக்கொண்டது. பின்னால் இந்த விதியைத் திருத்தி, உலையைச் சீக்கிரம் இயக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

உலை ஏன் நின்றது என்பதில்தான் சண்டை. விசாரணை மன்றம் சொன்னது: எஞ்சின் அறையில் கடல்நீர்க் குழாய் இணைப்பு விட்டுப்போய், பீச்சிய நீர் மின்சாரத்தைத் துண்டித்திருக்கலாம். காரணமில்லாமல் சொல்லவில்லை. வெள்ளிப் பற்றவைப்பு (வெள்ளிக் கலவையை உருக்கிக் குழாய்களை ஒட்டும் முறை) இணைப்புகளில் 145ஐ மீயொலியால் சோதித்தபோது 14 விழுக்காடு தரத்துக்குக் கீழே இருந்தன. கப்பலில் அப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில். மீதியைச் சோதிக்காமலே கடலுக்கு அனுப்பினார்கள். என்னைக் கேட்டால் மன்னிக்க முடியாதது இதுதான், பனி அல்ல. பனியை யாரும் எதிர்பார்க்கவில்லை. இதுவோ காகிதத்தில் எழுதியே இருந்தது.

பதில் 4: நங்கூரம்

குழாய் உடைந்தது உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலடி ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார், அந்த ஆழத்தில் நீர் பீச்சினால் கேட்க வேண்டிய பேரிரைச்சல் பதிவில் இல்லை, மின்வழிக் கோளாறால் உலையின் குளிர்நீர்ப் பம்புகள் நின்றதே தொடக்கம் என்கிறார்கள். எப்படித் தொடங்கியிருந்தாலும் வேகமும் காற்றும் ஒரே நேரத்தில் கைவிட்டன.

பதில் 5: வால்வுக்காரன்

விபத்து நடந்த அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை தொடங்கிய சப்சேஃப் என்ற நீர்மூழ்கிப் பாதுகாப்புத் திட்டம் செய்த மாற்றங்களில் முக்கியமானவை: காற்றுக்கு உலர்த்திகள் வைத்தார்கள், வடிகட்டிகளை எடுத்தார்கள், குடுவையிலிருந்து நேராகத் தொட்டிக்கு அவசரக் காற்றுவழி போட்டார்கள். கடல்நீர் வால்வுகளைத் தூரத்திலிருந்தே ஹைட்ராலிக் விசையால் மூட ஏற்பாடு. முக்கியக் கடல்நீர்க் குழாய்களில் பற்றவைப்புக்குப் பதில் வெல்டிங். ஒவ்வொரு பாகமும் எந்த உலோகத்தில், யார் செய்தது, யார் சோதித்தது என்று பதிவு. 1968இல் 99 பேரோடு மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கி ஸ்கார்பியன், சப்சேஃப் சான்று பெறாத கப்பல். சான்று பெற்றது எதுவும் இதுவரை மூழ்கவில்லை.

அந்த அவசரக் காற்றுவழிக்கு இன்னொரு முகமும் உண்டு. திறந்துவிட்டால் பாதியில் நிறுத்தி கப்பலைப் பிடிக்க முடியாது. 2001 பிப்ரவரி 9 அன்று ஹவாய் அருகே அமெரிக்க நீர்மூழ்கி கிரீன்வில் விருந்தினருக்குக் காட்டவென்று அப்படி எழும்பியபோது, மேலே எஹிமே மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிப் பயிற்சிக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதில் மோதி அதை மூழ்கடித்தது. கப்பலில் இருந்த 9 பேர் இறந்தார்கள். எழும்புவதற்கு முன் பெரிஸ்கோப் ஆழத்தில் சுற்றிப் பார்த்தது போதவில்லை.