கிறைஸ்ட்சர்ச் வழக்கு விசாரணை நடக்காமலே முடிந்தது எப்படி? நம்ம ஊர் கோர்ட்டில் அப்படி முடியுமா?

காவேரிப்பட்டணம்_வாசகன்

எல்லோருக்கும் வணக்கம். எங்க கிளை நூலக வாசகர் வட்டத்தில் இந்த மாதம் பேச எடுத்திருக்கும் பொருள், 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் நடந்த துப்பாக்கிச்சூடும், அதற்குப் பிறகு கோர்ட்டில் நடந்ததும். கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வருவாங்க, அதனால் விவரம் தப்பாகப் போய்விடக் கூடாது.

51 பேரைக் கொன்றவன் குற்றத்தை ஒத்துக்கொண்டதால் விசாரணையே நடக்கவில்லை என்கிறார்கள். அது அந்தக் குடும்பங்களுக்கு நல்லதாகப் போச்சா, கெட்டதாகப் போச்சா? இங்கே ஒருத்தன் அப்படி ஒத்துக்கிட்டா நம்ம நீதிபதியும் உடனே தீர்ப்பு எழுதிடுவாரா? "இப்படிப்பட்டவனுக்கு எதுக்கு வக்கீல்?" என்று கூட்டத்தில் கண்டிப்பா ஒருத்தர் எழுந்து கேட்பார், அவருக்கும் ஆதாரத்தோடு பதில் வேணும். இன்னொரு அவசரக் கேள்வி: அந்தத் தாக்குதல் வீடியோவை "பார்த்துட்டு வந்தா பேச வசதி" என்று ஒரு தம்பி எங்க வாட்ஸ்அப் குழுவில் போடப் பார்க்கிறான். எப்படிக் கையாள்வது?

தகடூர்_வக்கீல்

தம்பி, வக்கீல் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். உயிரோடு பிடிபட்டவன் அஜ்மல் கசாப் ஒருவன்தான். அவனுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று மும்பை வக்கீல்கள் தீர்மானம் போட்டார்கள். கோர்ட் நியமித்த முதல் வக்கீல் விலக்கப்பட்டார், அடுத்தவர் விசாரணை நடுவில் நீக்கப்பட்டார், மூன்றாமவர்தான் முடித்துக்கொடுத்தார். மேல்முறையீட்டில் என்ன வாதம் வந்தது தெரியுமா? "கைதான நாளிலிருந்து எனக்கு வக்கீல் கொடுக்கவில்லை, அதனால் விசாரணையே செல்லாது" என்பதுதான். உச்ச நீதிமன்றம் மூத்த வக்கீல் ராஜு ராமச்சந்திரனை நீதிமன்ற நண்பராக (கோர்ட்டுக்கு உதவ கோர்ட்டே நியமிக்கும் வக்கீல்) நியமித்து அந்த வாதத்தை முழுசாகக் கேட்டது. விசாரணை தொடங்கியபின் வக்கீல் இருந்தார், முன்பு இல்லாததால் பாதகம் எதுவும் நேரவில்லை என்று பார்த்துத்தான் 2012 ஆகஸ்ட் 29-ல் தண்டனையை உறுதி செய்தது. கோர்ட் விசாரணைக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் இருந்திருந்தால் அறுநூறுக்கு மேற்பட்ட சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்ற வேண்டி வந்திருக்கும். குண்டடி பட்டவர்களை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை இரண்டாம் முறை குறுக்கு விசாரணைக்கு நிறுத்துவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குற்றவாளிக்கு வக்கீல் கொடுப்பது தீர்ப்பு நிலைப்பதற்காக.

அதே தீர்ப்பில் ஒரு உத்தரவும் உண்டு. கைதானவரை முதல் முறை கொண்டுவந்து நிறுத்தும்போதே, வக்கீல் வைக்க உரிமை உண்டு, வசதி இல்லையென்றால் அரசு செலவில் கிடைக்கும் என்று மாஜிஸ்திரேட் சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால் அவர்மேல் துறை நடவடிக்கை.

"ஆஜராக மாட்டோம்" தீர்மானம் பற்றி நம்ம மாநிலத்து வழக்கே இருக்கிறது. ஏ.எஸ்.முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு, 2010 டிசம்பர். கோயம்புத்தூர் வக்கீல் சங்கம் போலீஸ்காரர்கள் சிலருக்கு ஆஜராக மாட்டோம் என்று போட்ட தீர்மானத்தை வைத்து, இப்படிப்பட்ட தீர்மானம் எந்தச் சங்கம் போட்டாலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. கூட்டத்தில் இதைச் சொன்னால் போதும்.

இப்போது குற்ற ஒப்புதல். நம்ம சட்டத்தில் செஷன்ஸ் கோர்ட்டில் குற்றச்சாட்டு வனைந்ததும் (இன்னின்ன குற்றம் என்று கோர்ட் எழுதியதும்) "ஒத்துக்கொள்கிறாயா?" என்று கேட்பார்கள். ஒத்துக்கொண்டால் நீதிபதி அதைப் பதிவு செய்ய வேண்டும். அதை வைத்து மட்டும் தண்டிப்பது அவர் விருப்புரிமை, கட்டாயம் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 229, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்-ல் 252. தூக்கு வரைக்கும் போகக்கூடிய வழக்கில் ஒப்புதலை மட்டும் நம்பி முடிக்க எந்த நீதிபதியும் தயங்குவார். 2009 ஜூலை 20-ல் விசாரணை நடுவே கசாப் எழுந்து குற்றத்தை ஒத்துக்கொண்டான். நீதிபதி தஹிலியானி அதை எழுதிக்கொண்டார், ஆனால் குற்றச்சாட்டு முழுவதையும் அவன் ஏற்கவில்லை என்று விசாரணையைத் தொடர்ந்தார். நல்லதாகப் போயிற்று, டிசம்பரில் அவன் பல்டி அடித்தான்! ஜூலையிலேயே கதையை மூடியிருந்தால் வழக்கு என்ன கதி ஆகியிருக்கும்? அவனோடு குற்றம் சாட்டப்பட்ட இரண்டு இந்தியர்கள் சாட்சியம் போதாமல் விடுதலை ஆனதும் முழு விசாரணை நடந்ததால்தான்.

தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் வழியும் இங்கே கிடையாது. ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது.

காவேரிப்பட்டணம்_வாசகன்

வக்கீல் சார், ரொம்ப நன்றி. அப்படியொரு வழக்கு இங்கே வந்தால் கிருஷ்ணகிரி செஷன்ஸ் கோர்ட்டிலேயே நடக்குமா? சாட்சி சொல்பவர்களுக்குப் பாதுகாப்பு உண்டா?

தகடூர்_வக்கீல்

முதல் தகவல் அறிக்கை உள்ளூர் ஸ்டேஷனில்தான். யு.ஏ.பி.ஏ. (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) பிரிவு சேர்ந்தால் ஸ்டேஷன் அதிகாரி மாநில அரசுக்கு எழுத வேண்டும், மாநிலம் மத்திய அரசுக்கு அனுப்பும், என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) எடுக்கலாமா என்று மத்திய அரசு 15 நாளில் முடிவு செய்யும். எடுத்தால் வழக்கு பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். குற்றப்பத்திரிகைக்கு 90 நாள், அரசு வழக்கறிஞர் காரணம் காட்டி அறிக்கை கொடுத்தால் 180 நாள் வரை நீட்டிக்கலாம்.

இங்கேதான் சறுக்கும். பூந்தமல்லி நம்ம பெங்களூர் ரோட்டில்தான் இருக்கிறது, ஆனாலும் கிருஷ்ணகிரியிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். கூலி வேலை செய்யும் சாட்சி ஒரு வாய்தாவுக்குப் போய் "இன்னிக்கு இல்ல, அடுத்த மாசம்" என்று திரும்பினால் அடுத்த முறை வர மாட்டார். சம்மனைப் பத்திரமாக வைத்து, வந்த அன்றே கோர்ட்டில் சாட்சிப் படி கேட்டு வாங்க வேண்டும் என்பதுகூட நிறையப் பேருக்குத் தெரியாது.

பாதுகாப்புக்கு, சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018 இருக்கிறது. உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதும் சட்டம்போல் செயல்படச் சொன்ன திட்டம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுத்தால், அச்சுறுத்தல் எவ்வளவு என்று போலீஸ் ஐந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். பாதுகாப்பு ஒரு தடவைக்கு மூன்று மாதம்வரை, தேவைப்பட்டால் நீட்டிக்கக் கேட்கலாம். மிரட்டல் வந்த எண், தேதி, நேரம் மனுவிலேயே இருக்கட்டும். "பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அறிக்கை வலுவாக வராது.

இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பி.என்.எஸ்.எஸ். 396-ன் கீழ் மனு போடலாம். குற்றவாளி யாரென்றே தெரியாமல் விசாரணை நடக்காவிட்டாலும் போடலாம், இரண்டு மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். தீவிரவாதத் தாக்குதலில் இறந்த பொதுமக்கள் குடும்பத்துக்கு மத்திய அரசுத் திட்டத்தில் 5 லட்சம் தனியாக உண்டு, அது கலெக்டர் அலுவலகம் வழியாக.

மலர்விழி_ஊத்தங்கரை

தம்பி, கிறைஸ்ட்சர்ச் பக்கத்தை நான் சொல்கிறேன், தேதிகளோடு.

சம்பவத்துக்கு மறுநாளே ஒரு கொலைக் குற்றச்சாட்டோடு கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு படிப்படியாகச் சேர்த்து 51 கொலை, 40 கொலை முயற்சி, ஒரு தீவிரவாதச் செயல் என்று நின்றது. ஜூனில் எல்லாவற்றையும் மறுத்தான். 2020 மே மாதம் வைத்திருந்த விசாரணை, ரம்ஜான் நோன்பு நாட்களில் விழுகிறது என்று ஜூன் 2-க்குத் தள்ளி வைக்கப்பட்டது. சாட்சி சொல்ல வருபவர்களில் பெரும்பாலோர் நோன்பு இருப்பவர்கள் என்று அந்தக் கோர்ட் யோசித்ததைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் மார்ச் 26-ல், கொரோனா ஊரடங்கின் முதல் நாள், சிறையிலிருந்து காணொளி வழியாக எல்லாக் குற்றச்சாட்டையும் ஒத்துக்கொண்டான். கோர்ட் அறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். குடும்பங்கள் நேரில் வர முடியவில்லை.

விசாரணை இல்லையே தவிர, குடும்பங்கள் பேசாமல் போகவில்லை. அந்த நாட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டாலும் தண்டனைக்குத் தனி அமர்வு உண்டு. ஆகஸ்ட் 24 முதல் 27 வரை நான்கு நாள். தொண்ணூறு பேருக்குப் பக்கம் அவன் எதிரிலேயே நின்று, அல்லது பதிவாக அனுப்பி, தங்கள் இழப்பைச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருந்த உறவினர்கள் அவரவர் இடத்திலிருந்தே பார்க்க ஏற்பாடு இருந்தது. அமர்வை நேரலையாகச் செய்தி வெளியிடப் பத்திரிகைகளுக்கு அனுமதி இல்லை, குறித்த நேரங்களில்தான் வெளியிடலாம். ஜூலையில் வக்கீல்களை நீக்கிவிட்டு, தானே வாதாடப் போகிறேன் என்றான் அவன். மேடை கிடைத்ததும் பேசுவான் என்று எல்லோரும் பயந்தார்கள், கடைசியில் பேசவில்லை. கோர்ட் துணைக்கு ஒரு வக்கீலைத் தயாராக வைத்திருந்தது. நீதிபதி மேண்டர் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விதித்தார். அந்த நாட்டில் அதுவே முதல் முறை. அங்கே தூக்கு கிடையாது.

நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு என் பதில்: கொலைகாரன் வாய் திறக்க மேடை கிடைக்காமல் போனது நல்லது. ஆனால் "என் பிள்ளை எத்தனை நிமிஷம் உயிரோடு இருந்தான், ஆம்புலன்ஸ் ஏன் தாமதம், கொலைகாரனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்தது யார்" என்ற கேள்விகள் கோர்ட்டில் கேட்கப்படவே இல்லை. அதற்கு வேறு இரண்டு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது. ஒன்று ராயல் கமிஷன் (அரசு அமைத்த உயர்மட்ட விசாரணைக் குழு), 2020 டிசம்பரில் அறிக்கை வெளியானது, 44 பரிந்துரை. துப்பாக்கி லைசென்ஸுக்கு அவனை நன்றாகத் தெரிந்தவர் என்று போலீஸ் விசாரித்தது, இணைய விளையாட்டில் பழகிய நண்பனையும் அந்த நண்பனின் பெற்றோர் ஒருவரையும்தான் என்பது அதில்தான் வெளியே வந்தது. இன்னொன்று மரண விசாரணை அதிகாரியின் விசாரணை, 2023 அக்டோபரில்தான் தொடங்கியது. அல் நூர் பள்ளிவாசலின் அவசரக் கதவு திறந்ததா இல்லையா என்பதைக்கூட அங்கேதான் அலசினார்கள். நாலரை வருஷம் காத்திருந்தார்கள் பாவம்.

ஒரு குறையும் சொல்லணும். அங்கே விபத்துக் காப்பீட்டு ஏற்பாடு உடல் காயத்துக்கு எல்லாம் செய்யும். ஆனால் உடம்பில் கீறல் இல்லாமல் மனம் உடைந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதில் இடமில்லை. கண்ணெதிரே கணவன் விழுந்ததைப் பார்த்த பெண்ணுக்கு எது காயம், எது இல்லை? இதைக் கூட்டத்தில் பேசுங்கள்.

தேன்கனிக்கோட்டை_ராமு

துப்பாக்கிச் சட்டம் பற்றி நான் சுருக்கமா சொல்றேன். தாக்குதல் நடந்து 26 நாளில் நியூசிலாந்தில் புதுச் சட்டம், ஏப்ரல் 10-ல் நாடாளுமன்றத்தில் 119-க்கு 1 என்று நிறைவேறியது. அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் (ஒவ்வொரு தடவை சுட்டதும் அடுத்த குண்டு தானாக ஏறுவது) பெரும்பாலும் தடை. டிசம்பர் 20 வரை ஒப்படைத்தவர்களுக்குப் பணம்: புதுசுபோல் இருந்தால் அடிப்படை விலையில் 95 சதவீதம், புழங்கினதுக்கு 70, பழுதானதுக்கு 25. சுமார் 56,000 துப்பாக்கி வந்தது. குறை என்னன்னா, நாட்டில் மொத்தம் எத்தனை இருந்தது என்று யாருக்கும் தெரியாது, பதிவேடே 2023 ஜூனில்தான் தொடங்கியது. அதனால் எத்தனை மிச்சம் என்று கணக்குச் சொல்ல வழியில்லை. நம்ம அஞ்செட்டிப் பக்கம் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அறிவிக்கும்போதும் இதே கதைதான்.

ஓசூர்_சிவா

வீடியோ விஷயம் முதலில் முடியட்டும், இதில் தாமதம் கூடாது.

அந்த ஒளிபரப்பு 17 நிமிஷம். நேரலையில் பார்த்தவர்கள் 200-க்கும் குறைவு என்று ஃபேஸ்புக்கே சொன்னது. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அவர்கள் அகற்றிய பிரதிகள் 15 லட்சம். சுட்டவன் ஒருவன், பரப்பியது ஊர்ப்பட்ட சாதாரண ஆட்கள். நியூசிலாந்தில் அதை வைத்திருப்பதே குற்றம். பகிர்ந்த ஒருவருக்கு 21 மாதச் சிறை கிடைத்தது. இங்கேயும் மத வெறுப்பைத் தூண்டும்படி பகிர்ந்தால் பி.என்.எஸ். (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 196 பாயும்.

குழு அட்மின் செய்ய வேண்டியது: இன்றைக்கே குழு அமைப்பில் போய், அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று கூட்டம் முடியும்வரை மாற்றுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டால் செய்தியை அழுத்திப் பிடித்து 'எல்லோருக்கும் நீக்கு' கொடுங்கள், அட்மினுக்கு அடுத்தவர் செய்தியையும் நீக்க முடியும். இது போதாது, இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். தானாகப் பதிவிறக்கம் ஆகும் போன்களில் கேலரியில் அது உட்கார்ந்திருக்கும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் போயிருக்கும். கேலரி, குப்பைத்தொட்டி, கூகுள் போட்டோஸ் மூன்றிலும் அழிக்கச் சொல்லுங்கள். அப்பா அம்மா போனை எடுத்து விளையாடும் சின்னப் பிள்ளைகள் கண்ணில் படுவது அந்தக் கேலரியில்தான். புகார் கொடுப்பதாக இருந்தால் அனுப்பியவர் எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும், வீடியோவைச் சேமிக்க வேண்டாம்.

அந்தத் தம்பியைத் திட்டாதீர்கள். பார்த்தால்தான் புரியும் என்று நினைக்கிறான். மலர்விழி அக்கா சொன்ன தண்டனை அமர்வின் செய்திகளைத் தேடி, உயிர் தப்பியவர்கள் பேசியதைத் தமிழில் சுருக்கிக் கொண்டுவரச் சொல்லி அந்தப் பொறுப்பை அவனிடமே கொடுங்கள்.

காவேரிப்பட்டணம்_வாசகன்

சிவா அண்ணே, குழுவை மாத்திட்டேன், தம்பியும் சரின்னுட்டான். கடைசியா ஒண்ணு. அழைப்பிதழில் கொலைகாரன் பெயரைப் போடலாமா?

மலர்விழி_ஊத்தங்கரை

வேண்டாம் தம்பி. அந்த நாட்டின் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில், அவன் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்று அறிவித்தார். அழைப்பிதழில் இரண்டு பள்ளிவாசல் பெயரும் தேதியும் போதும்: அல் நூர், லின்வுட். இறந்தவர்கள் பெயர்ப் பட்டியல் பொதுவில் கிடைக்கும், கூட்டத் தொடக்கத்தில் 51 பெயரையும் நிறுத்தி வாசித்தால் ஐந்து நிமிஷம் ஆகும். உச்சரிப்பு தப்பாமல் இருக்க, ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் முன்கூட்டியே பட்டியலைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகை நேரம்.