வீட்டு டிஜே செட்: முதலில் மாற்ற வேண்டியது கன்ட்ரோலர் இல்லை

கன்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் பாட்டைக் கையால் இயக்குகிற பெட்டி) மாற்றப் போகிறேன், எது வாங்கலாம் என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அதனால் என் கதையை முழுதாக எழுதிவிடுகிறேன். இருப்பது மதுரை வில்லாபுரம். காசுக்குப் போகிற ஆள் இல்லை. வேலை முடிந்து ராத்திரி மாடி அறையில் ஒரு மணி நேரம் மிக்ஸ் பண்ணுவேன், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் செட்டைத் தூக்கிக்கொண்டு போவேன், அவ்வளவுதான். நாலு வருஷத்தில் செய்த செலவில் பாதி, வரிசை மாறிச் செய்த செலவு.

முதல் செட் ஒரு சின்ன கன்ட்ரோலர், லேப்டாப்பில் மிக்ஸ் (Mixxx) என்று மூன்று எக்ஸ் போட்டு எழுதும் இலவச மென்பொருள். அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. காலையில் தாய்மாமனாகப் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தேன், சாயங்காலம் மொட்டை மாடியில் பாட்டு என் பொறுப்பு. வயர் எட்டாது என்று மெயின் சத்தத்தை லேப்டாப்பிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டு, ஹெட்போனை மட்டும் கன்ட்ரோலரில் சொருகிக்கொண்டேன். ஒரு காதில் அடுத்த பாட்டு, இன்னொரு காதில் வெளியே ஓடுகிற பாட்டு. அடி பிசகாமல் சேர்த்துவிட்டு, சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை ஏற்றினால், வெளியே இரண்டு பாட்டும் ஒன்றை ஒன்று துரத்துகின்றன. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். எனக்கு அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ப்ளூடூத்தில் சத்தம் 150, 200 மில்லி செகண்ட் பிந்தி வருவது சாதாரணம். நிமிஷத்துக்கு 100 அடி ஓடும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் 600 மில்லி செகண்ட்தான். 200 பிந்தினால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. நான் பிந்தி வந்த பாட்டைக் காதால் கேட்டு அதற்குத் தக்கபடி அடுத்ததை விட்டேன், அதுவும் தன் பங்குக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தது. கன்ட்ரோலர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரியே புது கன்ட்ரோலர் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கருக்கு வயர் இழுங்கள், அதுதான் சரியான வழி. அப்புறம், பல கன்ட்ரோலரில் ஹெட்போன் மிக்ஸ் என்று ஒரு திருகு இருக்கும், அதை நடுவில் வைத்தால் ஓடும் பாட்டும் வரப்போகும் பாட்டும் ஹெட்போனுக்குள்ளேயே சேர்ந்து கேட்கும். ஸ்பீக்கர் தள்ளி இருந்தாலும் இதை வைத்துச் சமாளிக்கலாம். நான் அந்தத் திருகை ஒரு வருஷம் தொடவே இல்லை.

அடுத்த தொல்லை உறுமல். சிவப்பு, வெள்ளைப் பின் வைத்த ஆர்சிஏ வயர் நீளமாகப் போட்டதும் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம். வயரை மாற்றினேன், பின்னை மாற்றினேன், போகவில்லை. ஒரு நாள் கரண்ட் வேலை செய்கிற நண்பர் வீட்டுக்கு வந்தவர், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள் தம்பி என்றார். பிடுங்கினதும் உறுமல் நின்றது. பழைய வீடு, அந்த பிளக்கில் எர்த் சரியாக இல்லை. எர்த்தைச் சரிசெய்து, ஸ்பீக்கரையும் லேப்டாப்பையும் ஒரே பலகையில் சொருகினேன், அதோடு சரி. சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்காமல் யாரும் புது சவுண்ட் கார்டு வாங்காதீர்கள்.

பிறகுதான் ஹெட்போன். பின்பக்கம் மூடிய வகை வேண்டும், திறந்த வகை வேண்டாம், விசேஷ வீட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. நான் சென்ஹைசர் எச்டி 25 எடுத்தேன். 1988-ல் வந்த மாடல், இன்றைக்கும் வயர், காது மெத்தை எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கிறது. அந்த ஹெட்போனில்தான் தவிலின் வலந்தலை எங்கே விழுகிறது, உருமி எங்கே இழுக்கிறது என்று முதல் தடவையாகப் பிரித்துக் கேட்டேன். அதே பழைய கன்ட்ரோலர்தான், ஆனால் அந்த மாதம் என் மிக்ஸ் மாறியது.

ஸ்பீக்கர் பற்றிச் சுருக்கமாக: சின்ன அறைக்கு ஐந்து இன்ச் மானிட்டர் ஸ்பீக்கர் தாராளம். நம் வீடு சிமென்ட் சுவர், மொசைக் தரை, எல்லாம் எதிரொலிக்கும். சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் குமுறும், ஒரு அடியாவது முன்னால் இழுத்து வையுங்கள். எதிர்ச் சுவரில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்தி வைத்திருக்கிறேன், நல்ல பலன்.

இனி நம் பாட்டு விஷயம். இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனை நம்பிப் பெரிய செட் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் குத்துப் பாட்டில் நிறைய திஸ்ர நடை, ஒரு அடிக்குள் மூன்று. மென்பொருள் பல நேரம் அந்தச் சின்னத் தட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணி, நம் பாதம் நிமிஷத்துக்கு 100 தட்டுகிற பாட்டுக்கு 150 என்று காட்டும். அதை நம்பி சிங்க் அழுத்தினால் குழப்பம்தான். மிக்ஸ் மென்பொருளில் பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை அடி) மெனுவுக்குள் மூன்றில் இரண்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது, அழுத்தினால் 150 நேராக 100 ஆகிவிடும். எண்பதுகளில் வாத்தியக் குழுவை உட்கார வைத்துப் பதிவு செய்த பாட்டுகள் வேறு ரகம், வாசிப்பவர்கள் மனிதர்கள், பல்லவிக்கும் சரணத்துக்கும் வேகம் லேசாக நகரும். அங்கே எந்த விலைக் கன்ட்ரோலரும் உதவாது, ஜாக் வீல் என்கிற வட்டத் தட்டில் விரல் வைத்துக் கூடவே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அங்கேதான் பழைய கன்ட்ரோலர் கைவிட்டது. வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடர் கட்டைவிரல் நீளம்தான், ஒரு மயிரிழை நகர்த்தினால் அரை பிபிஎம் தாவியது. கை கேட்கிறது, பொருள் தரவில்லை என்று எனக்கே தெரிந்த பிறகுதான் மாற்றினேன்.

பயனியர் டிடிஜே 400 கன்ட்ரோலர் பழையது ஒன்று பார்க்கத் திருமங்கலம் போனேன். லேப்டாப்பைக் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. பிட்ச் ஃபேடரை நடுவில் விட்டுவிட்டுக் கையை எடுத்தேன், திரையில் எண் தானாக ஆடியது. ஒரு பாட்டிலிருந்து மறு பாட்டுக்கு மாற்றும் கிராஸ்ஃபேடரை ஒரு கோடிக்குத் தள்ளினால் மறு பக்கத்துப் பாட்டு சன்னமாகக் கசிந்தது. யூஎஸ்பி பின்னை லேசாக ஆட்டினதும் இணைப்பு விட்டது. விற்றவர் நல்ல மனிதர், காபி கொடுத்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் அதே டிடிஜே வரிசையில் புது எஃப்எல்எக்ஸ் 4 எடுத்தேன். இரண்டு சேனல், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாட்டு; ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ என்கிற இரண்டு டிஜே மென்பொருளிலும் ஓடும். பிட்ச் அளவை ஆறு சதவீதத்துக்குக் குறைத்து வைத்தால் ஃபேடர் நிதானமாக நகர்கிறது. வெயில் காலத்தில் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள், பாட்டு வெட்டி வெட்டி வந்தது, பார்த்தால் லேப்டாப் கொதிக்கிறது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர்:
எங்கள் வீட்டில் ரேடியோ செட் தொழில், பெரியப்பா காலத்திலிருந்து. அண்ணன் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பொங்கலுக்கு என் கன்ட்ரோலரை நம் ஆம்ப்ளிஃபயரிலேயே கொடுத்தேன். அது மோனோ, இடது வலது என்று பிரிக்காது. ஒரு ஓட்டைதான் இருக்கிறது என்று இடது பின்னை மட்டும் சொருகிவிட்டேன். பழைய பாட்டு போட்டால் பாடுகிறவர் குரல் இருக்கிறது, இடையிசையில் வயலினைக் காணோம். அது முழுக்க வலது பக்கம் பதிவாகி இருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியப்பாதான் முதலில் கண்டுபிடித்தார், "ஏலே, பாதிப் பாட்டுதான்டா வருது" என்று. இப்போது மென்பொருளிலேயே மெயின் சத்தத்தை மோனோ ஆக்கிவிட்டுத்தான் வயரைத் தொடுகிறேன்.

அனுப்பானடியிலிருந்து ஒருவர்:
நான் நேராக நாலு சேனல் வாங்கினேன். ஒரு வருஷத்தில் மூன்றாவது சேனலைத் தொட்டது இரண்டே தடவை. மேசை முழுக்க அடைத்துக்கொண்டது, பைக்கில் கொண்டுபோக முடியவில்லை, விற்றுவிட்டேன். இரண்டு சேனலில் இப்போது நிம்மதியாக இருக்கிறேன். ஒரு சந்தேகம் அண்ணா, மாடிக்கு வயர் இழுக்க எந்த வயர் நல்லது?

மறுபடியும் நான்:
தம்பி, மாடிக்குத் தூரம் போகும் என்றால் ஆர்சிஏ வேண்டாம். இரண்டு, மூன்று மீட்டருக்குள் என்றால் அது போதும். அதற்கு மேல் வெளி இரைச்சலை அடக்கும் பேலன்ஸ்டு வயர்தான், எக்ஸ்எல்ஆர் பின் வைத்தது. உங்கள் கன்ட்ரோலரில் அந்த அவுட் இல்லை என்றால் ஒரு சின்ன மிக்ஸரை நடுவில் வையுங்கள். பின்னைக் கடையில் வாங்கி நானே ஈயம் வைத்துப் பற்ற வைத்தேன், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உங்களுக்கும் போட்டுத் தருகிறேன்.

உசிலம்பட்டித் தம்பி, அந்த மோனோ விஷயம் எனக்கும் புதுசு. காதுகுத்து அன்றைக்குப் போட்ட பட்டியலை இன்று ராத்திரி இடது பக்கம் மட்டும் வைத்துக் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.