சீமைக்கருவேலச் சாம்பலில் கிளேஸ் போடலாமா?

சூளைக்காரி:
புதுச்சேரியில் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடும் கெட்டியான மண்பாத்திரம்) செய்கிறேன். அடுத்த வரிசை முழுக்கச் சீமைக்கருவேலம்தான்: அகலமான தட்டுகளில் அதன் காயையும் முள்ளையும் ஈரமண்ணில் அழுத்திப் பதிவெடுத்து, அதே மரத்தின் சாம்பலைக் கிளேஸாக, அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சாகப் போடலாம் என்று எண்ணம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து மரம், 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் இங்கே கொண்டுவந்தது, ஆனால் என் வயதுக்காரர்களுக்கு அது இல்லாத ஊரே தெரியாது. மாதிரியைப் பார்த்த நண்பர், ஊரைக் கெடுத்த மரத்துக்கு அழகு பூசுகிறாய் என்று கோபப்பட்டார். உங்களுக்கு எப்படிப் படுகிறது? அப்புறம், சாம்பலைக் கழுவ வேண்டுமா?

மண்வாசி:
சாம்பல் 40, ஃபெல்ட்ஸ்பார் (ஒருவகைப் பாறைத்தூள்) 40, களிமண் 20 என்று ஆரம்பியுங்கள், 1,250 டிகிரி வாக்கில் உருகும். மரச்சாம்பலில் சுண்ணாம்புச் சத்துதான் அதிகம், அதனால் சரிவில் கோடுகோடாக வழியும், அடியில் வீண் ஓடு ஒன்று வைத்துவிடுங்கள். கழுவினால் தோலை அரிக்கும் காரம் குறையும், கூடவே உருக்கும் சத்தும் கொஞ்சம் போகும். கழுவாவிட்டால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

கண்மாய்க்கரை:
நான் முதுகுளத்தூர் பக்கம். மழை பொய்த்த வருடம் இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் இங்கே பல வீட்டில் அடுப்பு எரியும். அதே மரம்தான் வரத்துக்காலில் அடர்ந்து கண்மாய்க்கு வரும் தண்ணீரை மறிக்கிறது, அதன் அடியில் வேறு செடி தலையெடுப்பதே கஷ்டம். உங்கள் நண்பர் கோபத்தில் நியாயம் இருக்கிறது அக்கா, காயும் முள்ளும் மட்டும் பதித்தால் அது வெறும் செடிப் படம்தான். இனிப்பான அந்தக் காயை ஆடுமாடு தின்று, விதை சாணத்தோடு விழுந்துதான் ஊரெல்லாம் பரவியது. தட்டில் குளம்புத் தடமும் இருக்கட்டும், கரி அள்ளுகிறவர்கள் கைத்தடமும் இருக்கட்டும்.

வேளார்வீடு:
ஐயனார் கோயில் மண்குதிரையை நினைத்துப் பாருங்கள். குதிரைகள் கடல்வழியே வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையே சொல்கிறது, இன்றைக்கு அது நம் காவல் தெய்வத்தின் வாகனம், அதை யாரும் வெளியூர் விலங்கு என்பதில்லை. ஆனால் குதிரை எந்தக் கண்மாயையும் அடைக்கவில்லையே. அதனால் மரம் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதைப் பெரிதாக்க வேண்டாம், தண்ணீருக்கு அது செய்ததைக் காட்டுங்கள்.

சூளைக்காரி:
கைத்தடம், குளம்புத்தடம் இரண்டும் சேர்க்கிறேன். கண்மாய்க்கரை, மண் கலக்காத சாம்பல் ஒரு மூட்டை உங்கள் பக்கம் கிடைக்குமா? கைத்தடம் கொடுக்கிறவர்களுக்கு அதற்கான கூலியும் தந்துவிடுகிறேன், அவர்கள் சம்மதித்தால் நேரில் வருகிறேன்.